திறனாய்வு என்பது குறை கூறுவதா?

தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்ற வினா வந்தால் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். எதுகை, மோனை, அணி, சுவை என்று தலைப்பிட்டு, எந்தப் பாடலுக்கும் பொருந்தக்கூடிய நான்கு வரிகளை எழுதிவிடுவோம். அந்தப் பாடல் உண்மையில் நம் மனத்தைத் தொட்டதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதில்லை.

திறனாய்வு என்பது ஒரு படைப்பை ஊன்றிப் படித்து, அது எதைச் சொல்ல வந்தது, அதைச் சரியாகச் சொல்லிற்றா என்று காரணம் காட்டி மதிப்பிடுவது ஆகும். நம் நெய்வேலிச் சுரங்கத்தில் எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்கள். நிலக்கரியைத் திட்டுகிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை அல்லவா?

இக்கலை நமக்குப் புதிதன்று. ஒரு நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்துள்ளார். குறைத்துச் சொல்வதும் குற்றம். மிகுத்துச் சொல்வதும் குற்றம். சொன்னதையே சொல்வதும் குற்றம். பின்னாளில் வ.வே.சு. ஐயர் கம்பனை உலகப் பெருங்காவியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1959-இல் சி.சு. செல்லப்பா திறனாய்வுக்கு முதன்மை தந்து ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி, படைப்பை அது பிறந்த சமுதாயத்தோடு சேர்த்துப் பார்த்தார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர், கவிஞர்களின் பெயரை மறைத்துப் பாடல்களை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். பெரும் புலவர்களின் பாடல்களைப் பலர் தாழ்த்தியும், சாதாரணப் பாடல்களை உயர்த்தியும் எழுதியிருந்தனர்! இதை அவர் 1929-இல் நூலாக வெளியிட்டார்.

எங்கள் தமிழம்மாவும் இதைச் செய்து பார்த்தார். பெயரில்லாத ஒரு பாடல் எனக்கு வந்தது. தலைப்பு, ‘அன்னை’. “பன்னிரண்டு வரிகளில் ‘தியாகம்’ ஐந்து முறை வருகிறது. அந்தத் தாய் என்ன செய்தாள் என்பது ஒரு வரியிலும் இல்லை” என்று எழுதினேன். எழுதியவள் என் அருகில் அமரும் தோழி என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை.

“நீ சொன்னது சரி. ஆனால் அதில் இருந்த ஒரு நல்ல வரியை நீ பார்க்கவே இல்லையே! குறையை மட்டும் கண்டது பாதித் திறனாய்வுதான்” என்றார் தமிழம்மா. நான் தலை குனிந்தேன்.

மூன்றாம் நாள் தோழி பாடலைத் திருத்திக்கொண்டு வந்தாள். இரவு ஷிப்டு முடிந்து வரும் கணவனுக்காக, விடியுமுன் அடுப்பு மூட்டி, சைக்கிள் மணியோசைக்குக் காத்திருக்கும் ஒரு தாய் அதில் இருந்தாள். ‘தியாகம்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. படித்தபோது என் அம்மாவே கண்முன் நின்றார்.

தோழியரே, இக்கட்டுரையையும் அவ்வாறே படியுங்கள். குறை கண்டால் காரணத்தோடு சொல்லுங்கள். நிறை கண்டால் அதையும் சொல்லுங்கள். நான் இரண்டு நாட்கள் பேசாமல் இருக்கமாட்டேன்!