அமிர்தசரஸ்: பேருந்துப் பயணத்தைத் தீர்மானிக்கும் பொருளாதாரக் கணக்குகள்

பஞ்சாபின் எல்லை நகரமான அமிர்தசரஸில் 2019-இல் முழு அளவில் தொடங்கப்பட்ட குளிர்சாதன ‘மெட்ரோ பஸ்’ சேவை, 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. தனித்தடம் இருந்தும் அப்பேருந்துகள் ஷேர் ஆட்டோக்கள், இ-ரிக்‌ஷாக்களுடன் போட்டியிட வேண்டியிருந்தது. கைகாட்டிய இடத்தில் நிற்கும் அவை, பழைய நகரின் குறுகிய தெருக்களிலும் நுழைகின்றன. நாள்கூலி பெறுவோருக்குப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரமும் ஒரு செலவே. கட்டணத்தில் மிச்சமாகும் சில ரூபாய் அதற்கு ஈடாவதில்லை. பழைய டீசல் ஆட்டோவைக் கைவிட்டு மின் ஆட்டோ வாங்குவோருக்கு ‘ராஹி’ திட்டத்தில் ரூ.1.40 லட்சம் மானியமும் அறிவிக்கப்பட்டது. காற்று மாசைக் குறைக்க அது தேவையே. ஆயினும், பேருந்தின் போட்டியாளருக்கும் அரசுப் பணமே கைகொடுத்தது.

மாநில அரசின் சாதாரணப் பேருந்துகளில் கணக்கு வேறு. 2021 ஏப்ரல் 1 முதல் பஞ்சாப் பெண்களுக்கு அவற்றில் கட்டணமில்லை. எனவே, சுற்றுப்புற ஊர்களிலிருந்து நகருக்கு வரும் பெண்களுக்குத் தனியார் பேருந்தைத் தவிர்த்துக் காத்திருப்பது லாபமாகிறது. அந்தக் கட்டணத்தை ஈடுசெய்யும் அரசின் தொகை தாமதமானால், டீசலுக்கும் உதிரிபாகங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்கள் திணற நேரிடும்.

இவற்றோடு எல்லை நிலவரமும் சேர்கிறது. சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள அட்டாரி வழியிலான பாகிஸ்தான் வர்த்தகம் 2019 ஆகஸ்டில் நின்றது. ஆப்கன் சரக்குகளால் ஓரளவு நீடித்த வேலையும், 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி மூடப்பட்டதால் பறிபோனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுமைத் தொழிலாளர்கள் வருமானம் இழந்தனர். அவ்வேலைக்கான அன்றாடப் பயணமும் இல்லாமற்போனது. கொடியிறக்க நிகழ்ச்சியைக் காண அட்டாரிக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகளில் பலர் நாடுவதோ ஷேர் டாக்சிகளையே.