தண்டு நுழையும் பக்கம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுவதால் திருமுக்கூடல் என்று பெயர். வருஷத்தில் பாதி நாள் மூன்றும் மணலாகத்தான் கூடுகின்றன. அந்த மணலைப் பார்த்தபடி நான் டீ குடிக்கும் பெஞ்சில் போன வாரம் என் அக்கா மகன் வந்து உட்கார்ந்தான். வாலாஜாபாத் பக்கம் நாலு லேத் மெஷின் போட்டுச் சின்னப் பட்டறை நடத்துகிறான். இதுவரை ஒரகடத்துக் கம்பெனிக்கு இரும்பு பிராக்கெட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக ஜெர்மனியிலிருந்து ஆர்டர்.

“மாமா, பேலட்டுக்கு மூணு கொட்டேஷன் வந்திருக்கு. பைன் மரம் ஒரு விலை, நாட்டு மரம் ஒரு விலை, பிளாஸ்டிக் ஒரு விலை. எதை எடுக்கட்டும்?”

கிடங்கில் பல வருஷம் சரக்கு ஏற்றி இறக்கியவன் என்பதால் என்னிடம் கேட்கிறான். “விலையைக் கடைசில பாரு மாப்ள. இதை யாரு, எதை வச்சு, எந்தப் பக்கமா தூக்குவாங்க? அதை முதல்ல சொல்லு” என்றேன். முழித்தான்.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் வந்து, ஆற்றைக் கடந்து நம் ஊர்க் கோயிலுக்கு எழுந்தருள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவன் அவன். பெருமாளை நேரே தோளில் வைப்பதில்லை. அவருக்கு அடியில் பீடம், பீடத்துக்கு அடியில் தண்டு, தண்டுக்கு அடியில்தான் தோள். பேலட் என்பது அந்தப் பீடம். தண்டுக்குப் பதிலாக ஃபோர்க்லிஃப்டின் இரண்டு இரும்புக் கைகள். ஆகவே பேலட்டை வாங்கும்போது மேல்பலகையைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அடியைப் பார்க்க வேண்டும்.

நீளக் கட்டைகள் மேல் பலகை அடித்தது இரண்டு பக்கம் மட்டும் வழிவிடும். ஒன்பது சின்னக் கட்டைகள் வைத்தது நாலு பக்கமும் விடும். லாரிக்குள் இடம் நெருக்கடியாக இருக்கும்போது அந்த நாலு பக்கத்தின் அருமை தெரியும். இன்னொரு வகை உண்டு: மேலே போலவே கீழேயும் நெருக்கமாகப் பலகை அடித்தது. திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம் என்று விற்பார்கள். ஃபோர்க்லிஃப்டுக்கு அது சரி. ஆனால் கையால் இழுக்கும் பேலட் டிரக்கின் சின்னச் சக்கரங்கள் தரையில் ஊன்றித்தான் சரக்கைத் தூக்கும். கீழ்ப்பலகை அந்த இடத்தை அடைத்துவிடும். நான் இருந்த கிடங்கில் ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் பழுது. வந்த லோடு முழுவதும் இந்த இரட்டை முகப் பேலட். ராத்திரி பத்து மணிவரை பெட்டி பெட்டியாகக் கையால் இறக்கினோம். மரத்தில் ஒரு குறையும் இல்லை!

“எங்கிட்ட கைவண்டிதான் மாமா இருக்கு” என்றான். அப்படியானால் அந்த வகை அவன் பட்டியலிலிருந்து போயிற்று.

அடுத்தது எடை. பிளாஸ்டிக் கொட்டேஷனில் 4 டன் தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது தரையில் அசையாமல் கிடக்கும்போது தாங்குவது. தூக்கிக்கொண்டு நகரும்போது எவ்வளவு, இரும்பு ரேக்கில் இரண்டு ஓரத்தை மட்டும் ஊன்றி நடுவயிறு அந்தரத்தில் நிற்கும்போது எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு இருக்கிறது. மூன்றாவதுதான் எப்போதும் மிகக் குறைவு. வாங்குகிறவர் கிடங்கில் ரேக் உண்டா என்று தெரியாமல் முதல் எண்ணை நம்பினால், வளைந்து முறிவது அங்கே போய் நடக்கும்.

இரண்டாவது டீ வந்தது. அளவுக்கு வந்தோம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கன்டெய்னர் 8 அடி அகலம் என்று கேட்டதும், அதாவது 2.4 மீட்டர், அப்படியானால் 1200 மில்லிமீட்டர் பக்கம் இரண்டை ஜோடியாக வைக்கலாம் என்று மனக்கணக்குப் போடுவார்கள். 8 அடி வெளி அகலம். உள்ளே சுமார் 2.35 மீட்டர்தான். ஐந்து சென்டிமீட்டர் இடிக்கும். 1200-க்கு 1200 சதுரப் பேலட் செய்து வைத்துவிட்டால், கன்டெய்னரில் ஒற்றை வரிசைதான் போகும், பாதி இடம் காற்று. உயரத்திலும் இதே வேடிக்கை. உள்ளே 2.39 மீட்டர் இருக்கும், கதவு வாசலோ அதைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்வு.

அவன் பெட்டி 400-க்கு 300 மில்லிமீட்டர், ஒன்று 20 கிலோ. பேப்பரில் வரைந்து பார்த்தோம். 1200-க்கு 1000 பேலட்டில் ஓர் அடுக்குக்குப் பத்துப் பெட்டி ஓரம் வெளியே தள்ளாமல் உட்காரும். 20 அடி கன்டெய்னரில் அந்தப் பேலட் பத்து போகும். சிலதை நீளவாக்கிலும் சிலதைக் குறுக்குவாக்கிலும் மாற்றி மாற்றி வைத்தால்தான் பத்து. ஆக அடுக்குக்கு 100 பெட்டி. ஐரோப்பியப் பேலட்டின் அளவு 1200-க்கு 800. அதில் எட்டுப் பெட்டி, கன்டெய்னருக்குப் பதினொரு பேலட், 88 பெட்டி.

“அப்ப பெரிசுதான் லாபம்” என்றான்.

கன்டெய்னருக்கு லாபம். ஆனால் அந்த 800 அளவு 1961இல் ஐரோப்பிய ரயில்வேக்கள் ஒன்றுகூடி ஏற்றது. அவர்கள் வேகனுக்கும் லாரிக்கும் அது அச்சாகப் பொருந்தும். கப்பல் பெட்டியை மனதில் வைத்து வந்த அளவே இல்லை. ஜெர்மனிக்காரரின் ரேக் அந்த அளவுக்குக் கட்டியதாக இருந்தால், நம் பேலட்டிலிருந்து இறக்கி அவர் பேலட்டில் ஏற்றும் கூலியை நம் பில்லில் கழிப்பார். 12 பெட்டி லாபம் அதில் கரைந்துவிடும். இதே சரக்கு ஜப்பானுக்குப் போனால் அங்கே வழக்கில் இருப்பது 1100-க்கு 1100 சதுரம். ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த காலம் போலத்தான்.

பெட்டி ஓரம் பேலட்டைத் தாண்டித் தொங்கக் கூடாது என்பதையும் சொல்லி வைத்தேன். அட்டைப் பெட்டியின் பலம் நாலு மூலையில் இருக்கிறது. மூலைக்கு அடியில் பலகை இல்லையென்றால் கீழடுக்குப் பெட்டி நசுங்கும்.

பிறகு முத்திரை. 1996இல் நியூயார்க்கில் மரங்களைத் துளைத்துக்கொண்டு ஒரு நீளக்கொம்பு வண்டு அகப்பட்டது. ஆசியாவிலிருந்து பெட்டி மரத்தோடு கப்பலேறி வந்தது. இப்படிப் பட்ட சூடுகளுக்குப் பிறகு 2002இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதி வந்தது. மரப் பேலட்டாக இருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு தொடர்ந்து 30 நிமிஷம் நிற்க வேண்டும், இல்லையேல் மீத்தைல் புரோமைடு புகை போல விதி ஏற்றுக்கொண்ட வேறொரு முறையைச் செய்ய வேண்டும். செய்ததற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் சின்னமும், ‘ஐ.என்.’ என்ற நம் நாட்டுக் குறியும், சூடேற்றிய நிறுவனத்தின் எண்ணும் கண்ணில் படும்படி, கூடுமானவரை எதிரெதிர் இரண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். முத்திரை விழுந்த பேலட்டில் ஒரு பலகை உடைந்ததென்று பட்டறையில் கிடக்கும் பச்சைக்கட்டையை எடுத்து ஆணி அடித்தால், அந்த முத்திரை செத்தது. பிளைவுட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இந்தத் தொல்லை இல்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். சூடேற்றிய மரம் காய்ந்த மரம் ஆகிவிடாது. அரைமணி நேரச் சூட்டில் புழு சாகும், ஈரம் போகாது. நாட்டு மரத்தை அறுத்த கையோடு பேலட் அடித்துச் சூடு காட்டித் தருகிறவர்கள் உண்டு, முத்திரையும் செல்லும். ஆனால் கடலில் வாரக்கணக்காக மூடிய பெட்டிக்குள் அந்த ஈரம் ஆவியாகிக் கூரையில் ஒட்டி, திரும்பச் சரக்கின் மேல் சொட்டும். இவன் அனுப்புவதோ இரும்பு. மரம் காயக் காய ஆணிப் பிடிப்பும் தளரும். பைன் விலை ஏன் கூடுதல் என்று கேட்பதைவிட, எந்த மரமானாலும் ஈரம் எத்தனை சதவீதம் என்று கேட்பது உபயோகம். அதை அளக்க உள்ளங்கையில் அடங்கும் மீட்டர் கிடைக்கிறது.

நம் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ‘வீரசோழன்’ என்ற ஆதுலர்சாலையில் 15 படுக்கை, மருத்துவருக்கு இவ்வளவு நெல், பணி செய்வோருக்கு இவ்வளவு, இன்னின்ன மருந்து என்று ஒன்றுவிடாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். பேலட் ஆர்டரை அப்படி எழுது என்றேன். அளவு, நுழைவு எத்தனை பக்கம், நகரும்போது தாங்க வேண்டிய எடை, ஈரம், முத்திரை. “நல்ல பேலட் 50” என்று எழுதினால், வருவது அவர்கள் கணக்கில் நல்லதாக இருக்கும்.

“அப்ப பிளாஸ்டிக் வேண்டாமா?”

ஜெர்மனிக்கு வேண்டாம். திரும்பி வராத இடத்துக்கு விலைகூடிய சாமானை அனுப்பி என்ன செய்ய? ஒரகடத்துக்கு வாங்கு. காலையில் சரக்கோடு போகிற வண்டி சாயங்காலம் காலியாகத்தானே திரும்புகிறது, பேலட்டை அதில் ஏற்றிக்கொண்டு வரலாம். மழையில் கிடந்தாலும் உளுக்காது, ஆணி கிளம்பிப் பெட்டியைக் கிழிக்காது.

கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். “அங்க கேட்டைத் தாண்டின பேலட் ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல மாமா” என்றான்.

அதற்கு இன்னொரு டீ சொல்ல வேண்டியிருந்தது.