சர்வர் சுந்தரம் துறந்த கீர்த்தி

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், வானத்தை அண்ணாந்து பார்த்தே வெள்ளாமை செய்யப் பழகிய கரிசல் பூமியின் நடுவே அமைந்திருக்கும் பாலவனத்தத்துக்கு, தமிழ் கற்றோர் நடுவில் அழியாத பெயரை வாங்கித் தந்தவர் அதன் ஜமீன்தாராக விளங்கிய பாண்டித்துரைத் தேவர். 1901-ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவி, வித்வான்களை ஆதரிப்பதற்கும் நூல்களை அச்சேற்றுவதற்கும் தம் செல்வத்தை வாரி வழங்கிய அந்தப் பெருமகனைக் கீர்த்தி வந்தடைந்தது, அவர் கொடுத்ததன் பலனாகவே. வள்ளுவர் இல்லறவியலின் முடிவில் ஈகையை வைத்து, அதற்கு அடுத்த அதிகாரமாகப் புகழை வைத்து, அதன்பின் துறவறவியலைத் தொடங்கிய வரிசையில் ஆழ்ந்த நியாயம் ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கொடுத்தவனுக்குப் புகழ் வரும். வந்த புகழை விடத் தெரிந்தவனுக்கே அதற்கு அப்பாலுள்ள வாசல் திறக்கும்.

இதே வறண்ட பிரதேசம் வேறு வகைப் புகழையும் கண்டிருக்கிறது. 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவர், 1896-இல் மதுரையிலிருந்து எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திருவண்ணாமலைக்குப் போய் மௌனத்தில் அமர்ந்தார். அன்பர் ஒருவர் விடாப்பிடியாக வற்புறுத்தியதன் பேரில் தம் பெயரையும் திருச்சுழி என்ற ஊர்ப்பெயரையும் எழுதிக் காட்டிய அந்த ஒரு கணத்தினாலேயே உறவினர் அவரைக் கண்டுகொண்டனர். பின்னர் உலகமே ரமண மகரிஷியைத் தேடி வந்தது. அதற்கு நேர்மாறாக, 1977-ஆம் ஆண்டு அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆரோ, வெள்ளித்திரை அளித்த புகழை ஜனங்களின் அன்பாக மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். ஒதுங்கியவரையும் தொடர்ந்து சென்ற புகழ் ஒன்று, ஏந்திக்கொண்டவரை அரியணையில் ஏற்றிய புகழ் ஒன்று. கேட்டது ஒன்றாக இருக்க, அதைக் கொடாமல் அதன் இடத்தில் தான் வந்து நிற்கும் மூன்றாவது வகைப் புகழும் உண்டு. அந்த மூன்றாவது வகையைத் தமிழில் இன்றளவும் மிகச் செவ்வையாகச் சொல்லியிருக்கும் படைப்பு, 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’.

சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிவந்த கே.பாலசந்தர், நாகேஷை மனத்தில் வைத்து முதலில் மேடைக்கென எழுதிய கதை அது. ஏவி.எம். நிறுவனம் தயாரிக்க, கிருஷ்ணன்–பஞ்சு இருவரும் அதைத் திரைப்படமாக இயக்கினார்கள். ஹோட்டலில் பரிமாறும் ஏழை இளைஞன் சுந்தரம், தன்னிடம் சிநேகமாகப் பழகும் ராதாவின் நல்ல சுபாவத்தைக் காதலென்று கருதிவிடுகிறான். தன் ஏழ்மையும் தோற்றமும் அவளுக்கும் தனக்கும் நடுவே நிற்பதாக எண்ணி, நண்பன் ராகவனின் உதவியால் சினிமாவில் நுழைந்து, நாடறிந்த ஹாஸ்ய நடிகனாகிறான். அந்தப் பிரசித்தி முழுவதையும் ஒரு பெண்ணின் காலடியில் வைப்பதற்காகவே சம்பாதித்தவன், அவள் ஏற்கெனவே நேசிப்பது தன்னை ஆளாக்கிய ராகவனைத்தான் என்பதை அறியும்போது, ஊரெல்லாம் கொண்டாடும் அவன் முகத்தில் தெரியும் வெறுமை, அதுவரை வயிறு குலுங்கச் சிரித்த ரசிகனைத் திடுக்கிடச் செய்கிறது.

இந்தக் காதல் கதையின் உயர்வு, அதில் வில்லன் இல்லாமையில் இருக்கிறது. கே.ஆர்.விஜயா ஏற்ற ராதா அவனை ஏமாற்றவில்லை; முத்துராமனின் ராகவன் அவனுக்குத் துரோகம் நினைக்கவில்லை. யார் மீதும் பழி சுமத்த வழியில்லாத துக்கமே துக்கங்களில் கடுமையானது என்பதை, ஹாஸ்யப் படம் என்ற பெயரில் வந்த ஒன்று இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருப்பதை நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

தாராபுரத்தில் பிறந்து, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, அம்மைத் தழும்பு பதிந்த முகத்தோடு கதாநாயகர்களின் உலகத்துக்குள் நுழைந்தவர் சுந்தரமாக நடித்த நாகேஷ் என்பதை நினைவில் கொண்டு பார்க்கையில், சுந்தரத்தின் வேதனை நடிப்பின் எல்லையைக் கடந்து ஒலிக்கிறது. அதே 1964-ஆம் ஆண்டில் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில், சினிமாத் தயாரிப்பாளராகிவிட வேண்டுமென்ற தாகத்தோடு தந்தை பாலையாவை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்லி நடுங்கவைக்கும் செல்லப்பாவாகவும் அவர்தாம் வந்தார். சினிமாப் புகழைத் துரத்தும் இளைஞனையும், அது கைக்கு வந்தபின் கலங்கும் இளைஞனையும் ஒரே வருஷத்துக்குள் ஒரே கலைஞர் சிருஷ்டித்துக் காட்டியது தமிழ்த் திரையின் பாக்கியம்.

உலக சினிமாவில் இதற்கு மூத்த உறவு ஒன்று உண்டு. 1928-இல் வந்த சார்லி சாப்ளினின் ‘தி சர்க்கஸ்’ படத்தில், தன்னால்தான் கூட்டம் சிரிக்கிறது என்பதை அறியாமலே சர்க்கஸின் பிரதான ஆட்டக்காரனாகிவிடும் நாடோடி, தான் நேசிக்கும் பெண்ணின் மனம் வேறொருவனிடம் இருப்பதைக் கண்டு, அவ்விருவருக்கும் மணமுடித்து வைத்துவிட்டுத் தனியே நின்றுவிடுகிறான். எனினும் நாடோடிக்கு இல்லாத ஒன்று சுந்தரத்துக்கு இருந்தது. அது தாய்.

அந்தத் தாயாக நடித்தவர் நம் சீமைப் பெண்மணி. எஸ்.என்.லட்சுமியின் பெயர் முன்னெழுத்துகளில் முதலாவது, விருதுநகர் வட்டாரத்துச் சென்னல்குடியைக் குறிப்பது. சிறு வயதிலேயே வீட்டை விட்டு நாடகக் குழுவுக்குப் போய், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் குழுவில் வளர்ந்து, நாகேஷைவிடச் சில வயதே மூத்தவராயினும் அவருக்கு அம்மாவாக நின்ற அவர், திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து, எத்தனையோ படங்களில் தாயாகவும் பாட்டியாகவும் வந்து, 2012-இல் மறைந்தார். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் பெயர் வராத கலைஞர்களின் வரிசையைச் சேர்ந்தவர் அவர். ஆனால் ‘சர்வர் சுந்தரம்’ முழுவதையும் தாங்கி நிற்பது அவருடைய பாத்திரமே. மகன் சர்வராக இருந்தபோதும் நட்சத்திரமானபோதும் அவனை ஒரே கண்ணோடு பார்த்தவள் அவள் ஒருத்திதான்; அவளுடைய அந்திம நேரத்தில் படப்பிடிப்பில் அகப்பட்டுக்கொண்ட மகனால், உயிரோடு அவள் முகம் பார்க்க வந்து சேர முடியாமற் போகிறது. காதலைக் கொடுக்க மறுத்த புகழ், இருந்த ஒரே அன்பையும் பறித்துக்கொள்ளும் அந்த இடத்தில்தான், அது அவனுக்கு வேண்டாததாகிறது.

ஆகவே அவன் சினிமாவைத் துறந்து, சர்வர் உடுப்பை மீண்டும் அணிந்துகொண்டு பரிமாறப் போகிறான். இந்த முடிவைத் தோல்வி என்று சொல்பவர்களை நான் அறிவேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பசித்து வந்தவனுக்கு இலையில் சோறு வைப்பது ஈகைக்கு மிக அருகிலுள்ள தொழில். புகழை விலையாகக் கொடுத்து அன்பை வாங்க முயன்று நொந்தவன், எதையும் எதிர்பாராமல் கொடுக்கும் இடத்துக்குத் திரும்புகிறான். 1971-இல் இதே கதையை ‘மைன் சுந்தர் ஹூன்’ என்ற பெயரில், மெஹ்மூத் நாயகனாக நடிக்க, இந்தியில் எடுத்தபோதும் அது பொருந்தியதற்குக் காரணம், இந்த உண்மைக்கு மொழி எல்லை இல்லாததே.

கைப்பேசியில் யாரோ எடுத்த அரை நிமிஷக் காட்சியால், கேளாமலே ஒரு டீக்கடைக்காரரோ பூ விற்கும் பெண்ணோ ஒரே இரவில் லட்சக்கணக்கானோர் பார்வைக்கு வந்து, ஒரு வாரத்தில் மறக்கப்படும் காலம் இது. சுந்தரம் புகழைத் தேடிப் போனான். இவர்களுக்கு அது வேண்டுமா என்று கேட்டவரே இல்லை. அப்படிப்பட்டவர்களிடம் நாம் காட்ட வேண்டிய மரியாதை, அவர்கள் அனுமதியின்றிப் படம் எடுக்காமல் இருப்பது. எடுத்தது பரவிவிட்டால், அவர்களைத் தம் வேலையைப் பார்க்க விட்டுவிடுவது. பாண்டித்துரைத் தேவரைப் போலக் கொடுத்துப் புகழடைந்தவர்களை நூறாண்டு கழிந்தும் போற்றுவோம். கேளாதவர் தலையில் புகழை ஏற்றி வேடிக்கை பார்க்கும் உரிமை நமக்குக் கிடையாது.