அரைச்சாண் நிழல்

வால் உதிர்ந்த பிறகு – 14

பிருந்தாவனத்துக்குப் போய்வந்தவர்கள் கண்ணாடி பறிபோன கதையில்லாமல் ஊர் திரும்புவதில்லை. பின்னாலிருந்து ஒரு கை வரும், மூக்கு லேசாகும். திரும்பிப் பார்த்தால் மதில்மேல் அது உட்கார்ந்து உங்கள் கண்ணாடியைக் கடித்துப் பதம் பார்த்துக்கொண்டிருக்கும். மாம்பழச் சாறு பாக்கெட் ஒன்றை வாங்கி எறிந்தால்தான் கண்ணாடி கீழே வரும். பக்கத்துக் கடைக்காரருக்கு இந்த வியாபாரத்தில் நஷ்டமில்லை.

அது நம் ஊர்க் குரங்கு இல்லை. நம்முடையது நாட்டுக் குரங்கு. நீள வால், உச்சந்தலையில் வகிடெடுத்துக் குல்லாய் கவிழ்த்ததுபோல மயிர். வடக்கே இருப்பது ரீசஸ். குட்டை வால், சிவந்த முகம், அதைவிடச் சிவந்த பின்புறம். உங்கள் ரத்த வகையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் எல்லாம் இதன் பெயரால் வந்தவை. ‘ஆர்ஹெச்’ என்பது ரீசஸின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்து.

போன வாரம் தாய் ஃப்ளோ இறந்த துக்கத்தில் சில வாரங்களிலேயே தானும் இறந்துபோன சிம்பன்சி ஃப்ளின்ட்டைப் படித்துவிட்டு, சிலர் கண்கலங்கியதாக எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் கைக்குட்டை தேவைப்படாது. ரீசஸ் மேல் யாருக்கும் இரக்கம் வராது. ‘குரங்கு புத்தி’ என்று நாம் திட்டுகிறோமே, அதற்கு அளவெடுத்துத் தைத்த பிராணி அது.

அதன் குடும்ப அரசியலைக் கேளுங்கள். தாய்க்கு என்ன அந்தஸ்தோ அதுதான் மகளுக்கும். பெரிய இடத்துப் பிள்ளை, பால்குடி மறக்கும் முன்பே, வளர்ந்த குரங்குகளை மிரட்டக் கற்றுக்கொள்கிறது. அக்கா தங்கைகளுக்குள் கடைக்குட்டிக்குத்தான் உசந்த இடம், ஏனென்றால் அம்மா அவள் பக்கம் நின்று அக்காக்களை அடிப்பாள். ஆண் குட்டிகள் நாலைந்து வயதில் கூட்டத்தைவிட்டு வெளியேறி வேறு கூட்டத்தில் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். பெரியது நடந்துவந்தால் சிறியது எழுந்து இடம்விட வேண்டும். எழும்போது பல்லை இளிக்கும். சுற்றுலாப் பயணிகள் அதைச் சிரிப்பு என்று நினைத்துப் படம் பிடிக்கிறார்கள். அதற்கு அர்த்தம், ‘ஐயா, எழுந்துட்டேன், அடிக்காதீங்க’ என்பதுதான். தாரியோ மேஸ்ட்ரிபியெரி என்ற ஆய்வாளர் 2007-இல் இந்தக் குரங்குகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மக்காக் என்ற குரங்கினப் பெயரையும் மாக்கியவெல்லி என்ற அரசியல் சூத்திரதாரியின் பெயரையும் ஒட்டுப்போட்டுத் தலைப்பு வைத்தார். உலகம் முழுக்கப் பரவி வென்ற இரண்டு இனங்கள் ரீசஸும் மனிதனும்தான் என்பது அவர் வாதம். பாராட்டாக அவர் சொல்லவில்லை.

இந்தப் பிராணியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்தியாவில் கண்டதல்ல. கரீபியன் கடலில், போர்ட்டோ ரீக்கோவின் கிழக்குக் கரைக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி, காயோ சாந்தியாகோ என்று ஒரு தீவு இருக்கிறது. மொத்தம் 38 ஏக்கர், நம் ஊர் ஏரி ஒன்றைவிடச் சிறியது. 1938-இல் கிளாரன்ஸ் ரே கார்ப்பென்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வட இந்தியாவில் பிடித்த நானூற்றுச் சொச்சம் ரீசஸ்களைக் கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய் அங்கே இறக்கினார். இன்று அங்கே திரியும் ஒவ்வொரு குரங்குக்கும் பூர்வீகம் நம் நாடுதான். ஆட்கள் வைக்கும் தீவனத்தைத் தின்று, யாரும் கூண்டில் அடைக்காமல், மரத்துக்கு மரம் சண்டை போட்டுக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஒவ்வொன்றின் உடம்பிலும் பச்சை குத்திய அடையாளம் உண்டு. யார் யாருக்கு மகள், யார் யாருக்குப் பேன் பார்த்தாள், யார் யாரை விரட்டினாள் என்று அறுபது ஆண்டுக்கும் மேலான கணக்கு நோட்டுகளில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியும்?

2017 செப்டம்பர் 20-ஆம் தேதி மரியா புயல் கரையேறிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தத் தீவு. எதிர்க்கரையில் இருக்கும் ஊர் புன்டா சாந்தியாகோ. அந்த ஊர்ச் சனங்கள் தெருச் சந்திப்பில் பெரிய எழுத்தில் ‘தண்ணீர் வேண்டும், உணவு வேண்டும்’ என்று ஸ்பானிய மொழியில் எழுதிவைத்தார்கள். வானிலிருந்து எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. தீவில் 1,700 போல இருந்த குரங்குகளில் ஒன்றிரண்டாவது மிஞ்சியிருக்குமா என்று பயந்து போய்ப் பார்த்தால், பெரும்பாலானவை பிழைத்திருந்தன. புயலை எங்கே ஒளிந்து கடந்தன என்பது இன்றும் ஆச்சரியம். பிழைக்காதது மரங்கள்தாம். தீவின் பசுமையில் 63 சதவீதம் போய்விட்டது.

தீவனம் படகில் வந்துவிடும், நிழல் எந்தப் படகில் வரும்? மதியத்தில் வெட்டவெளி 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிறது. ஒரு பட்டுப்போன அடிமரம், ஒரு தண்ணீர்த் தொட்டியின் ஓரம், கீழே விழுந்த கோடு போன்ற நிழல், இவ்வளவுதான் மிச்சம். ஆய்வாளர்கள் என்ன எதிர்பார்த்தார்கள் என்று நீங்களே சொல்லிவிடலாம். நிழல் பெரிய இடத்துக்குப் போகும், சிறியவை வெயிலில் வதங்கும், மண்டை உடையும். எனக்கும் அதுதான் தோன்றியது.

நடந்தது வேறு. கமில் டெஸ்டார்ட், லாரன் பிரென்ட், மைக்கேல் பிளாட் முதலியோரின் குழு 2021-இலும் 2024-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், புயலுக்கு முன்னும் பின்னுமான பல ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்றுக்கொன்று அருகில் அமர்வது கூடியிருந்தது, அடிதடி குறைந்திருந்தது. சொந்தக்காரர்களோடு இன்னும் நெருங்கி ஒண்டிக்கொள்ளும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். மாறாக, முன்பு சேராதவற்றோடு சேர்ந்து உட்கார்ந்தன. ஒதுங்கியே வாழ்ந்த குரங்குகள்தாம் அதிகம் மாறியிருந்தன. ஒரு கோடு நிழலில் தோளோடு தோள் ஒட்டி, வரிசையாக, எல்லாம் ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்த்தால், நம் ஊரில் பேருந்து வராத நிறுத்தத்தில் விளக்குக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் ஆட்கள் நினைவுக்கு வருவார்கள். பக்கத்தில் இன்னொன்றைப் பொறுத்துக்கொண்ட குரங்குகள் புயலுக்குப் பிந்தைய ஆண்டுகளில் சாகும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைந்தது. புயலுக்கு முன்னால் இந்தப் பொறுமைக்கு அப்படியொரு பலன் எதுவும் கிடையாது.

இதைப் படித்ததும் ‘குரங்குக்குக் கூட அன்பு சுரந்தது’ என்று வாட்ஸாப்பில் அனுப்பத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஆய்வாளர்கள் அன்பு என்று எங்கும் எழுதவில்லை, சகித்துக்கொள்ளுதல் என்றுதான் எழுதுகிறார்கள். நட்பு ஆழமானதற்கு ஆதாரமில்லை. பக்கத்தில் உட்காரவிட்ட ஆட்களின் எண்ணிக்கைதான் கூடியது. எனக்கு அன்பைவிட இந்தச் சகிப்பு சுவாரசியமாக இருக்கிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் அடித்தபோது பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தென்னை நின்ற இடமெல்லாம் வானம் தெரிந்தது. கரண்ட் போனது, மோட்டார் ஓடவில்லை. எங்கள் தெருவில் அடிபம்பு மிச்சம் இருந்தது ஒரே வீட்டில்தான். பக்கத்து வீட்டில். வேலித் தகராறில் பதினோரு வருஷமாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடு அது. நல்லது கெட்டதுக்கும் போவதில்லை. முதல் நாள் அம்மா வாசலில் குடத்தோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, அண்ணன் மகளைக் கூப்பிட்டு, “நீ போயிட்டு வா. சின்னப் புள்ளைய ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்று அனுப்பினார். (வட ஆப்பிரிக்காவின் பார்பரி குரங்குகளில் ஓர் ஆண் இன்னொரு ஆணை நெருங்க வேண்டுமென்றால் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். குட்டி கையில் இருந்தால் அடி விழாது. அம்மாவுக்கு அந்த ஆய்வு தெரியாது.)

பிள்ளை படலைத் தாண்டாமல் நின்றிருக்கிறாள். அந்த வீட்டுப் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே, “ஏண்டி அங்கயே நிக்கிறே, கொடத்த வைய்யி” என்றாராம். அடுத்த நாள் அம்மாவே போனார். பதினாலு நாள் எங்கள் குடம் அந்தப் பம்படியில் நின்றது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. முறை மட்டும் தவறவில்லை. யார் குடம் எத்தனையாவது என்று கண்ணால் பேசி முடித்துக்கொண்டார்கள். பழையதை மறந்தார்களா? வேலி நாலு அடி எங்கள் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறது என்பது அம்மாவுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

தேவை வந்தது, குரங்குகள் அடங்கின, அவ்வளவுதானே என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். 2024 ஆய்வில் ஒரு சின்னச் செய்தி இதற்குக் குறுக்கே நிற்கிறது. வெயில் ஏறாத காலை நேரத்திலும், நிழலே தேவைப்படாதபோதும், அந்தக் குரங்குகள் முன்பைவிடக் கலந்து உட்காருகின்றன. மதியத்துப் பழக்கம் காலைக்குப் பரவிவிட்டது. புயல் முடிந்து ஐந்து ஆண்டு கழித்தும் அப்படியே. புயல் எதையும் வாங்காமல் இதைக் கொடுத்துவிடவில்லை. 2022-இல் வந்த இன்னோர் ஆய்வு, புயலைக் கண்ட குரங்குகளின் நோய் எதிர்ப்புச் செல்கள் சராசரியாக இரண்டு வயது கூடுதலாக மூப்படைந்திருந்தன என்கிறது. மனிதக் கணக்கில் ஏழெட்டு வருஷம்.

காரணம் போன பிறகும் பழக்கம் நிற்கும் என்பதற்குக் கென்யாவில் ஒரு சாட்சி இருக்கிறது. ராபர்ட் சபோல்ஸ்கி பல ஆண்டு பின்தொடர்ந்த பபூன் கூட்டத்தில், முரட்டு ஆண்கள் தினமும் ஒரு சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டுக்குப் போய் அடித்துப் பிடித்துத் தின்றன. அந்தக் குப்பையிலிருந்த கெட்ட இறைச்சியால் 1980-களின் நடுவில் காசநோய் பரவி அவை மொத்தமும் செத்தன. சாதுவான ஆண்களும் பெண்களும் மிஞ்சின. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தச் சாதுக்களில் ஓர் ஆண்கூட இல்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. கூட்டம் அப்போதும் சாதுவாகவே இருந்தது. புதிதாக வருகிறவனுக்கு அங்கே இருந்த பெண்கள் சீக்கிரமே பேன் பார்த்துவிட, அவனும் முறுக்கைத் தளர்த்திக்கொண்டான். இதை விரிவாக அடுத்த வாரம் பார்க்கலாம். பபூன் பெண்களுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்காமல் இந்தத் தொடர் நகராது.

காயோ சாந்தியாகோவில் மரங்கள் மெல்ல வளர்கின்றன. நிழல் திரும்பப் பெருகினால் குரங்குகள் பழையபடி விரட்டிக்கொள்ளுமா என்று ஆய்வாளர்கள் கணக்கு நோட்டோடு இன்னும் படகேறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வேலியை 2021-இல் திரும்பப் போட்டாகிவிட்டது. அதே நாலு அடி, அதே தகராறு. பம்படிக்கு நேராக மட்டும் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குச் சந்து இருக்கிறது. கல்தூண் ஒன்று குறைந்துவிட்டது என்கிறார் அப்பா. அன்றிலிருந்து அந்த ஒரு தூண் கிடைத்தபாடில்லை.

(தொடரும்)