எண்ணத் தடுமாறும் பிள்ளையை ஏசாதீர்!

"இவனுக்குக் கணக்கே வராது, ஹஜ்ரத்!" என்று பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே கூறும் பெற்றோர் பலர். ஆறு வயதில் செவியில் விழுந்த அச்சொல் அறுபது வயதிலும் அகலுவதில்லை.

பிள்ளை எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். காலையில் மதரஸாவில் வலமிருந்து இடமாக ஓதும் சிறார், சற்று நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலமாக எழுதுகின்றனர். அரபியில் சிறு வட்டமாக எழுதப்படுவது ஐந்து; பள்ளிக்கூடத்திலோ அதே வட்டம் பூஜ்யம்! தமிழில் 'தொண்ணூறு' என்னும் சொல்லுக்குள் 'நூறு' போன்ற ஒலி கேட்கிறது. பெரும்பாலோர் இவற்றை விரைவில் கடந்துவிடுவர். சிலருக்குக் கூடுதல் காலம் வேண்டும். இன்னும் சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் எண்ணின் அளவு மனத்தில் பதிவதில்லை. அது சோம்பலன்று, கணிதக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதனைப் பெயர் சுட்டி ஏற்றுள்ளது. எனவே கண்ணையும் காதையும் சோதித்த பின், தேவையெனில் தக்க வல்லுநரை நாடுங்கள்.

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், ஒரே வகுப்பினரை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க வழிசெய்தது. அரும்பை அதட்டினால் மலராகிவிடுமா?

நெற்குப்பையிலோ வேறெங்கோ, எந்த வீட்டிலும் இம்முறை கைகூடும். ஐந்து புளியங்கொட்டைகளைக் கொடுங்கள். பிள்ளை தொட்டு எண்ணட்டும். மூன்றும் இரண்டுமாக, நான்கும் ஒன்றுமாகப் பிரித்துச் சேர்க்கட்டும். அடுத்து ஐந்து புள்ளிகள் வரையட்டும். இலக்கம் எழுதுவது இறுதியில்தான். பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். குழிக்கு ஒரு காயாக இடும்போது ஒன்றுக்கொன்று இணைத்து எண்ணும் பழக்கம் தானே வரும். பார்வை குன்றிய பிள்ளைக்குத் தஸ்பீஹ் மணி உதவும். ஓரிடத்தில் அமராத பிள்ளை படியேறி எண்ணட்டும். ஐவேளைத் தொழுகையின் ஃபர்ளு ரக்அத்கள் 2, 4, 4, 3, 4. இவற்றைக் கூட்டிப் பதினேழு என்று அது சொல்லும் நாளில், அத்தாவும் அம்மாவும் மனமாரப் பாராட்டுங்கள்.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்கும் ஆர்வத்துடன் வந்ததைப் பற்றி, 'அபஸ' அத்தியாயத்தில் வல்ல அல்லாஹ் வசனங்களை இறக்கினான். பின்னர் அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்லும் பேறும் பெற்றார்கள். கற்க வந்தவரைப் புறக்கணிக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், நமக்குப் பொறுமையையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.