மூன்று சுழி எங்கே போனது?

கூட்ட அரங்கில் திரை ஒளிர்கிறது. அரசாணையின் நான்கு வரிகளை வெட்டி, இழுத்துப் பெரிதாக்கி ஸ்லைடில் போட்டிருக்கிறார்கள். எழுத்து என்னவோ பெரிதுதான், படிக்கத்தான் முடியவில்லை. அது ‘பணி’யா, ‘பனி’யா என்று கடைசி வரிசைக்காரருக்குச் சந்தேகம். மூன்று சுழி ‘ண’வில் ஒரு சுழியைக் காணோம்!

அந்தச் சுழி ஸ்லைடுவரை வந்து சேரவே இல்லை என்பதுதான் விஷயம். கணினியில் படம் என்பது குட்டிக் குட்டிச் சதுரங்களின் கட்டம். 1957இல் அமெரிக்கப் பொறியாளர் ரஸ்ஸல் கிர்ஷ் தன் குழந்தையின் புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றியபோது, நீளத்திலும் அகலத்திலும் 176 சதுரங்கள்தான் கிடைத்தன. பிக்சல் எனும் அந்தச் சதுரம்தான் இன்றும் எல்லை.

கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளில் ஒரு வரியின் நீளம் ஏறத்தாழ ஆறேகால் அங்குலம். அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற அளவில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால், வரி முழுவதும் 600 பிக்சலில் அடங்கிவிடும். 11 பாயிண்ட் எழுத்தில் மெய்யின் தலைப்புள்ளிக்கு ஒன்றிரண்டு பிக்சல் கிடைத்தாலே அதிகம். அந்த வரியை 1920 பிக்சல் அகலமுள்ள திரைக்கு இழுத்தால், இடையில் விழும் வெற்றிடங்களைக் கணினி அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து நிரப்பும். அந்த ஊகத்தைத்தான் நாம் மங்கல் என்கிறோம். ஜேபெக் கோப்பு என்றால் இன்னும் மோசம். அது படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், எழுத்தின் விளிம்பெல்லாம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும்.

பிடிஎஃப் கோப்பில் தட்டச்சான எழுத்தின் கதை வேறு. அங்கே ‘ண’ என்பது சதுரக் குவியல் அல்ல. இங்கே வளை, அங்கே திரும்பு என்ற வளைகோட்டுக் கணக்கு. பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் கணினி அதைப் புதிதாக வரைகிறது. ஆகவே, முதலில் கோப்பை 300, 400 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள், பிறகு படமெடுங்கள். இந்த வரிசை மாறினால்தான் வம்பு. பழைய பத்திரம்போல் காகிதம் மட்டுமே கையில் இருந்தால், அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள். அதே வரிக்கு 1,875 பிக்சல் கிடைக்கும். கிட்டத்தட்டத் திரையின் முழு அகலம். ஸ்லைடு கோப்பைச் சேமிக்கும்போது படங்களைச் சுருக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

முழுப் பக்கத்தையும் ஓரத்தில் சிறிதாக வைத்து, வெட்டிய இடத்தைக் கட்டமிட்டுக் காட்டினால், வரிகள் எங்கிருந்து வந்தன என்பதும் விளங்கும்.

கண் மருத்துவரின் பலகைக் கணக்குப்படி, பத்து மீட்டர் தள்ளி இருப்பவருக்கு, நல்ல பார்வை இருந்தாலும், எழுத்து ஒன்றரை சென்டிமீட்டராவது உயரம் வேண்டும். சிரமமின்றிப் படிக்க அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அரங்கு நிறையுமுன் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஒரு ‘ண’வின் சுழிகளை எண்ணுங்கள். இரண்டுதான் தெரிகிறதென்றால், மூலக் கோப்பை மறுபடி திறக்க இன்னும் நேரமிருக்கிறது.