ஒரு நாட்டு இரட்டையர் போதாது

புகைப் பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல் எண்களோடு முன்வைத்தபோது, அதை ஏற்க மறுத்தவர்களில் பெரிய பெயர் ரொனால்டு ஃபிஷர். நவீனப் புள்ளியியலுக்கு அடித்தளம் போட்டவர். சிகரெட்டை நாட வைக்கும் அதே மரபணுக் கூறு புற்றுநோயையும் வரவழைக்கக்கூடும், அப்படியானால் பழியைச் சிகரெட் மீது போடுவது அவசரம் என்பது அவர் வாதம். 1958இல் ‘நேச்சர்’ இதழில் இதற்குத் துணையாக அவர் காட்டியது ஜெர்மானிய ஆண் இரட்டையரை. ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த இரட்டையர் புகைப் பழக்கத்தில் பெரும்பாலும் ஒத்திருந்தார்கள். தனித்தனிக் கருமுட்டைகளில் உருவான இரட்டையர் அந்த அளவுக்கு ஒத்திருக்கவில்லை. அந்த ஜெர்மானிய ஜோடிகள் நூறுகூட இல்லை. தகவலைத் திரட்டிக் கொடுத்தவர் ஓட்மார் ஃபான் ஃபெர்ஷூவர். ஆஷ்விட்ஸ் முகாமில் இரட்டைக் குழந்தைகளை வதைத்த யோசெப் மெங்கலேயின் ஆசான். ஃபிஷர் புகையிலை நிறுவனங்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

இத்தனைக்கும் அவர் எழுப்பிய கேள்வி அசட்டுக் கேள்வி அல்ல. அதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் வழி ஒன்று உண்டு: மரபணுக்கள் ஒன்றாக இருந்தும் ஒருவர் புகைப்பவராகவும் மற்றவர் புகைக்காதவராகவும் உள்ள ஒருகரு இரட்டையரைத் தேடிப் பிடித்து, பல பத்தாண்டுகள் பின்தொடர வேண்டும். அப்படிப்பட்ட ஜோடிகள் அரிது. அரிதாக இருப்பதற்குக் காரணமும் ஃபிஷர் கவனித்ததுதான்: ஒருகரு இரட்டையரின் பழக்கங்கள் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. அந்த அரிய ஜோடிகளிலும் புற்றுநோய் வருபவர் சிலரே. ஒரு சிறிய நாட்டில் தேடினால் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சும். நார்டிக் நாடுகள் தங்கள் பதிவேடுகளைச் சேர்த்து 1,15,000க்கும் மேற்பட்ட இரட்டையரை ஆராய்ந்த பிறகு, 2017இல் விடை வந்தது. ஒருகரு ஜோடியில் புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, புகைக்காத உடன்பிறப்பைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம். ஃபிஷரின் வாதத்துக்கு அதற்குமேல் நிற்க இடமில்லை. ஆனால் அந்த மதிப்பீட்டின் பிழை எல்லையையும் பார்க்க வேண்டும்: இரண்டு மடங்கிலிருந்து பதினான்கு மடங்கு வரை நீள்கிறது. நாடுகள் கைகோத்தும் இவ்வளவு அகலம் என்றால், தனி நாட்டின் இரட்டையரை வைத்து எழுதப்பட்ட பல உறுதியான முடிவுகளை எந்தக் கண்ணோடு படிக்க வேண்டும் என்பது விளங்கும்.

நார்டிக் நாடுகளால் இது முடிந்ததற்குக் காரணம் அறிவியலைவிட நிர்வாகம்தான். டென்மார்க்கின் இரட்டையர் பதிவேடு 1954இல் தொடங்கியது. தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டி 1870இல் பிறந்தவர்கள் வரை பின்னோக்கிச் சென்றது. ஸ்வீடனின் பதிவேடு 1950களின் இறுதியில், புகையும் மதுவும் உடலை என்ன செய்கின்றன என்று அறியவே உருவானது. குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண், நாடு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு, இறப்புப் பதிவு. இவற்றை இரட்டையர் பட்டியலோடு இணைத்துவிட்டால், யாரையும் தேடிப் போகாமலே அவர்கள் வாழ்நாளைப் பின்தொடரலாம். 2000இல் ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றும் சேர்ந்து 44,788 ஜோடிகளை ஆராய்ந்தபோது, புராஸ்டேட் புற்றுநோயில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு 42 சதவீதம் என்று வந்தது. நார்வேயும் சேர்ந்து, இரட்டையர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டி, பின்தொடர்ந்த காலமும் நீண்ட பிறகு, 2016இல் அதே பங்கு 57 சதவீதமாக உயர்ந்தது. கணக்கிடும் முறை ஓரளவு மாறியிருந்தது. ஆட்களும் ஆண்டுகளும் கூடியிருந்தன.

இதுவரை சொன்னது எண்ணிக்கை பற்றிய நியாயம். இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு, அது அளவிடப்படும் பொருளிலேயே இருக்கிறது. ‘மரபின் பங்கு இத்தனை சதவீதம்’ என்பது ஒளியின் வேகம் போல எங்கும் மாறாத எண் அல்ல. ஒரு குறிப்பிட்ட மக்கள்கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், மனிதருக்கு மனிதர் தென்படும் வேறுபாட்டில் எவ்வளவு மரபால் வருகிறது என்பதே அதன் பொருள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே தரத்தில் உணவும் பள்ளியும் கிடைக்கும் ஊரில், மிஞ்சும் வேறுபாட்டில் பெரும்பகுதி மரபிலிருந்தே வரும். ஒரு வீட்டில் பாலும் அடுத்த வீட்டில் பட்டினியும் இருக்கும் ஊரில் அந்த எண் விழும். அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையரை ஆராய்ந்து எரிக் டர்க்ஹைமர் குழு 2003இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பெயர்போன உதாரணம்: ஏழைக் குடும்பங்களில் நுண்ணறிவு மதிப்பெண் வேறுபாட்டில் 60 சதவீதம் குடும்பச் சூழலால் வந்தது, மரபின் பங்கு கிட்டத்தட்டச் சுழியம், வசதியான குடும்பங்களில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். இதை மனித இயல்பின் விதி என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். 2016இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்து எலியட் டக்கர்-டிராபும் டிமதி பேட்ஸும் பார்த்தபோது, அமெரிக்காவில் தெரிந்த அந்தப் போக்கு மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்படவில்லை. மனித இயல்பு என்று நினைத்தது அமெரிக்காவின் கல்வி, மருத்துவ ஏற்றத்தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க இரட்டையரை மட்டும் எத்தனை லட்சம் பேர் சேர்த்திருந்தாலும் இது வெளிப்பட்டிருக்காது.

எல்லாப் பண்பும் இப்படி நாட்டுக்கு நாடு மாறுகிறது என்றும் சொல்ல முடியாது. ஹெல்சிங்கியையும் ஒசாகாவையும் மையமாகக் கொண்ட ‘கோடாட்வின்ஸ்’ திட்டம் 20 நாடுகளின் 45 இரட்டையர் குழுக்களிலிருந்து ஒன்று முதல் 19 வயது வரையிலான உயர அளவுகளைத் திரட்டி 2016இல் வெளியிட்டது. கிழக்கு ஆசியக் குழந்தைகளின் சராசரி உயரம் வேறு, அமெரிக்கக் குழந்தைகளுடையது வேறு. ஆனால் மரபும் சூழலும் பங்கிட்டுக்கொள்ளும் விகிதம் பெரிதும் ஒத்தே இருந்தது. உயரத்தில் எண் பயணிக்கிறது, நுண்ணறிவு மதிப்பெண்ணில் பயணிக்கவில்லை. எது பயணிக்கும், எது பயணிக்காது என்பதை முன்கூட்டிச் சொல்ல எந்தக் கோட்பாடும் இல்லை. சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரட்டையர் ஆய்வே ஆட்டம் கண்ட அடித்தளத்தில் நிற்கிறது என்று ஒரு பழைய ஆட்சேபம் உண்டு. ஒருகரு இரட்டையரை ஒரே சட்டை போட்டு, ஒரே மாதிரி நடத்தி வளர்க்கிறார்கள். அவர்களின் ஒற்றுமையில் ஒரு பகுதி அந்த வளர்ப்பால் வந்திருக்கலாம். அதையும் மரபின் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்பது அதன் சாரம். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் இதைச் சோதிக்க ஒரு சாமர்த்தியமான வழி கிடைத்தது. தங்கள் குழந்தைகள் எந்த வகை இரட்டையர் என்பதைத் தவறாக நம்பிய பெற்றோர் கணிசமாக இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலான பண்புகளில் ஒற்றுமை பெற்றோரின் நம்பிக்கையைப் பின்பற்றவில்லை, உண்மையான கருவகையையே பின்பற்றியது. ஆட்சேபம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதைத் தீர்க்கவும் பல நாடுகள் தேவை: இரட்டைக் குழந்தைகளை வளர்க்கும் வழக்கம் சமூகத்துக்குச் சமூகம் மாறும் என்பதால், வளர்ப்புதான் காரணம் என்றால் அந்த மாற்றம் எண்களிலும் தெரிந்தாக வேண்டும்.

இன்னோர் ஆட்சேபம் புதியது. மரபணுத் தொகுப்பையே நேரடியாகப் படிக்க முடிகிற காலத்தில் இரட்டையர் எதற்கு என்று கேட்கிறார்கள். 2022இல் சுமார் 54 லட்சம் பேரின் தரவைக் கொண்டு, உயரத்தோடு தொடர்புடைய 12,111 மரபணு வேறுபாடுகள் அடையாளம் காணப்பட்டன. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அவை உயர வேறுபாட்டில் ஏறக்குறைய 40 சதவீதத்தை விளக்கின. பிற வம்சாவளியினரிடம் 10 முதல் 20 சதவீதம் மட்டுமே. காரணம் எளிது: ஆராயப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர். கருவி புதியது, வரைபடத்தின் வெற்றிடம் பழையது. ஒரு சமூகத்தில் மரபின் பங்கு மொத்தம் எவ்வளவு என்று கணிக்க, அங்கு சில ஆயிரம் இரட்டையர் ஜோடிகள் இருந்தாலே தொடங்கலாம். 54 லட்சம் பேர் வேண்டியதில்லை.

அந்த வெற்றிடம் எங்கே என்பதை 2021இல் கிறிஸ்டியான் மாண்டன், ஜில் பிசோன், யெரூன் ஸ்மிட்ஸ் ஆகியோரின் கணக்கு காட்டுகிறது. உலகில் ஆண்டுக்கு 16 லட்சம் இரட்டையர் ஜோடிகள் பிறக்கின்றன. பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒருவர். உலகின் இரட்டைப் பிரசவங்களில் சுமார் 80 சதவீதம் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நிகழ்கின்றன. பெரிய பதிவேடுகளோ பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிழக்கு ஆசியாவிலும் இருக்கின்றன. கேரளத்தின் கொடிஞ்ஞி கிராமத்தில் இரட்டையர் அதிகம் என்று கேமராக்கள் படையெடுப்பது நமக்குப் பழகிய செய்தி. ஆய்வுக்கு வேண்டியது ஓர் அதிசயக் கிராமம் அல்ல. சாதாரண மாவட்டங்களில் யாரையும் விட்டுவிடாத ஒரு பட்டியல்.

அப்படியொரு பட்டியலை நம் அண்டையில் உருவாக்கிக் காட்டியது இலங்கை. அதுல சுமதிபால 1997இல் தொடங்கிய இரட்டையர் பதிவேடு, லண்டன் கிங்ஸ் கல்லூரியோடு இணைந்து கொழும்பு மாவட்டத்தில் பெரிய ஆய்வாக வளர்ந்தது. மனச்சோர்வை விரிவான வரையறையில் அளந்தபோது, மரபின் பங்கு பெண்களிடம் 61 சதவீதம், ஆண்களிடம் 4 சதவீதம் என்று வந்தது. மேற்கத்திய ஆய்வுகளில் ஆண் பெண் இடைவெளி இவ்வளவு தூரம் விரிவது வழக்கமில்லை. இதற்கு அவசரமாக விளக்கம் சொல்லாமல் இருப்பது நல்லது. தமிழ்நாட்டிலோ வங்கதேசத்திலோ இதே அளவில் ஓர் ஆய்வு இருந்தால்தான் இது இலங்கைக்கே உரியதா, தெற்காசியாவுக்குப் பொதுவானதா, அல்லது தற்செயலா என்று பிரித்தறிய முடியும்.

பணக்கார நாட்டுக் கேள்வித்தாளை ஏழை நாட்டில் நிரப்பச் சொல்வதைக் கூட்டு ஆய்வு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அங்கே அவசரமான கேள்வி வேறாக இருக்கலாம்: சகாராவுக்குத் தெற்கே ஆண்டுதோறும் இரண்டு முதல் மூன்று லட்சம் இரட்டைக் குழந்தைகள் முதல் வயது முடிவதற்குள் உடன்பிறந்த இணையை இழக்கின்றன. கினி-பிசாவில் டென்மார்க் ஆய்வாளர்களின் துணையோடு 2009இல் பதிவேடு தொடங்கியபோது, பிரசவத்திலும் அதை ஒட்டிய நாட்களிலும் எத்தனை இரட்டையர் இறக்கிறார்கள், ஏன் இறக்கிறார்கள் என்பது தொடக்கத்திலேயே எழுந்த கேள்வி. மரபின் பங்கைக் கணக்கிட இருவரும் உயிரோடு இருக்க வேண்டும்.